இருண்ட காட்சிகளில் செங்குத்துப் பட்டைகள், மெழுகு போன்ற முகங்கள்: ஓலெட் திரையைச் சீர்செய்வது எப்படி?

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் 65 அங்குல ஓலெட் தொலைக்காட்சி ஒன்று வாங்கினேன். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. என் கேள்வியும் அதைப் பற்றியது அன்று. கடையில் கண்ணைப் பறித்த படம், வீட்டுக் கூடத்துக்கு வந்தபின் மூன்று விதங்களில் என்னைச் சோதிக்கிறது.

முதலாவது பட்டைகள். திரை முழுக் கறுப்பாக இருக்கும்போது குறை ஏதும் இல்லை; வெளிச்சமான காட்சிகளிலும் இல்லை. மூடுபனி, விளக்கணைந்த அறை, நள்ளிரவு வானம் என மங்கிய சாம்பல் நிறம் திரையெங்கும் பரவும் இடங்களில் மட்டும், சலவைக்குப் போய்வந்த வேட்டியின் மடிப்புக் கோடுகள் போல, மேலிருந்து கீழாக மெல்லிய பட்டைகள் தெரிகின்றன. வாங்கிய முதல் வாரத்தில் இவற்றைப் பார்த்த நினைவு இல்லை.

இரண்டாவது, எச்டிஎம்ஐ வழியாக இணைத்த மீடியா பிளேயரில் படம் பார்த்தால், கறுப்புச் சட்டையும் தலைமுடியும் இருட்டும் ஒன்றாகக் கலந்து ஒரே மைக்கறையாகிவிடுகின்றன. மூன்றாவது, முகங்கள் மெழுகுப் பொம்மை போலவும், நடமாட்டம் நெடுந்தொடர் போல வழுக்கிக்கொண்டும் தெரிகின்றன. வீட்டுக்கு வந்த பழுதுநீக்குநர், நிறத்தையும் ஒளியையும் தூக்கலாகக் காட்டும் 'விவிட்' படமுறையை வைத்துவிட்டு, "பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, பழகிவிடும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

கூடம் கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் நேராக உள்ளே வரும். இரவில் பொய்க்கூரையில் பதித்த மஞ்சள் விளக்குகள் மட்டும் எரியும். மின்சாரம் பற்றிய ஐயம் யாருக்கும் எழாதிருக்க இதையும் சொல்லிவிடுகிறேன்: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததை அடுத்த நாட்களில், மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தபோது என் பழைய தொலைக்காட்சியின் பவர் போர்டு எரிந்துபோனது. அதன்பிறகு நாங்கள் மிகவும் கவனமாக இருக்கிறோம். ஒவ்வோர் இரவும் சுவர் சுவிட்சை அணைத்த பிறகே படுக்கைக்குப் போகிறோம்.

சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்துக் கருவி வைத்துத் திரையின் நிறங்களை அளவுதிருத்தம் செய்வதா, பேனலை மாற்றித் தரும்படி கேட்பதா என்று தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, மின்சாரத்தைப் பற்றிய ஐயத்தை நீக்குவதற்காக நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் கடலூர்க்காரன்; 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்துப் போட்டதற்குப் பிறகு, படுக்குமுன் எல்லாச் சுவிட்சுகளையும் அணைக்கும் பழக்கம் எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டிலும் வந்துவிட்டது. மற்ற எந்தக் கருவிக்கும் நல்ல பழக்கமான அது, ஓலெட் திரைக்கு மட்டும் ஆகாது.

காரணம் இதுதான். ஓலெட் திரையில் பின்விளக்கு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. அதற்கு மின்னோட்டத்தை அளந்து கொடுப்பது அதன் பின்னால் இருக்கும் நுண்ணிய டிரான்சிஸ்டர். சில மணி நேரம் ஓடியதும் அந்த டிரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தை விடத் தொடங்கும் மின்னழுத்தம் ஆளுக்கொரு பக்கமாகச் சிறிது விலகிப்போகும். வெளிச்சமான காட்சியில் அந்த விலகல் கண்ணுக்குத் தெரியாது. கறுப்புக்கு ஒரு படி மேலே, மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கும் மங்கிய சாம்பலில், அதே விலகல் பட்டை பட்டையாகத் தெரியும். இதைச் சரிசெய்வதற்காகவே, கூட்டுக்கணக்கில் 4 மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், தொலைக்காட்சி தூங்குவது போல இருந்துகொண்டே சில நிமிடங்கள் பிக்சல்களை அளந்து ஈடுகட்டிக்கொள்கிறது. அது முடியும்போது 'டிக்' என்று ஒரு சிறு ஓசையைச் சில மாடல்களில் கேட்கலாம். நீங்களோ ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறீர்கள். மூன்று மாதமாக அந்த வேலை ஒரு நாளும் முழுதாக நடந்திருக்காது.

ஆகவே பேனலை மாற்றக் கேட்பதற்கு முன், ஒரு வாரம் சுவர் சுவிட்சைத் தொடாதீர்கள். நாள்தோறும் 4 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டு, ரிமோட்டில் மட்டும் அணையுங்கள். முன்னும் பின்னும் ஒப்பிட, 5 விழுக்காட்டுச் சாம்பல் நிறத்தைத் திரை முழுக்கக் காட்டும் சோதனைப் படம் ஒன்றை இருட்டறையில் ஓட்டிப் பாருங்கள். கைப்பேசியில் படமெடுத்து ஒப்பிட வேண்டாம். கேமரா இருட்டைத் தானே வெளிச்சமாக்கிக்கொண்டு இல்லாத பூதத்தையும் காட்டும்.

மெனுவில் 'பிக்சல் ரிஃப்ரெஷ்' என்று ஒரு மணி நேர அளவுக்கு ஓடும் நீண்ட சுழற்சி ஒன்று இருக்கும். ஆவலில் அதைத் தினமும் ஓட்டிவிடாதீர்கள். அது எப்போதாவது ஒருமுறைக்கானது. சில மாடல்களில் 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே நடக்கும்.

மின்னழுத்தப் பயம் நியாயமானதே. தொலைக்காட்சியின் பின்புறம் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் ஸ்டெபிலைசருக்குப் பெரிய வேலை இல்லை. நல்ல சர்ஜ் புரொடெக்டர் போதும். இடி இடிக்கும் நாளில் மட்டும் பிளக்கையே பிடுங்குங்கள். அப்போது டிஷ் ஆண்டெனா கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் பிளக் வழியாக மட்டுமே வரும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நெல்லித்தோப்பு நேயர் எழுதியது:

கெடிலக்கரை அவர்கள் பட்டைகளைப் பார்த்துக்கொண்டார். நான் மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

தோழரே, அந்த மைக்கறை உங்கள் பிளேயரில் மட்டும் வருகிறதா, தொலைக்காட்சியின் உள்ளேயே இருக்கும் செயலியில் அதே படத்தைப் பார்த்தாலும் வருகிறதா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் மெனுவுக்குள் இறங்கினால் திரும்பி வர வழி தெரியாது. பிளேயரில் மட்டும் வருகிறது என்றால், திரை குற்றவாளி அன்று. காணொளிச் சமிக்ஞையில் கறுப்பு 16 என்ற எண்ணிலும் வெள்ளை 235 என்ற எண்ணிலும் நிற்பது வழக்கம். கணினிப் பழக்கத்தில் சில கருவிகள் 0 முதல் 255 வரை முழுதாக அனுப்பும். பிளேயர் முழு வீச்சில் அனுப்ப, தொலைக்காட்சி குறுகிய வீச்சை எதிர்பார்த்தால், 16க்குக் கீழே உள்ள எல்லாச் சாயலும் ஒரே கறுப்பாக நசுங்கிவிடும். மறுகோடியில் வெண்மேகங்களும் வெளுத்துப்போகும். மாறாக, அது குறுகிய வீச்சில் அனுப்பி இது முழு வீச்சை எதிர்பார்த்தால், கறுப்பு சாம்பல் பூத்துப் படம் சோகை பிடித்தது போல இருக்கும். இரண்டு பக்கமும் 'லிமிடெட்' (குறுகிய வீச்சு) என்று வையுங்கள். அதன்பின், கறுப்பின் படிகளைக் காட்டும் சோதனைப் படம் ஒன்றை ஓட்டி, 16ஆம் படி மறைந்து 17ஆம் படி மட்டும் மெல்லத் தெரியும் வரை 'பிரைட்னஸ்' அளவைத் திருத்துங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் இதற்கு 'பிளாக் லெவல்' என்று பெயர். ஒளியின் அளவைக் கூட்டுவது வேறொரு குமிழ். இரண்டையும் குழப்பிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்தவன் நான்.

நடமாட்டம் வழுக்குவது, திரைப்படத்தின் நொடிக்கு 24 சட்டகங்களுக்கு இடையே தொலைக்காட்சி தானாகக் கற்பனைச் சட்டகங்களைச் செருகுவதால். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். பிளேயரை 'சட்டக வேகத்தை ஒத்துப் போ' என்ற பொருளில் இருக்கும் அமைப்பில் வையுங்கள். இல்லையென்றால் 24ஐ 60க்குள் திணிக்கும்போது கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகள் தடுக்கித் தடுக்கிப் போகும். செட்டாப் பாக்ஸை 50 ஹெர்ட்ஸிலேயே விடுங்கள். நம் நாட்டு ஒளிபரப்பு அந்தக் கணக்கில்தான் வருகிறது.

முகத்தின் மெழுகுத்தன்மைக்கு 'விவிட்' முறையே காரணம். 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா' முறைக்கு மாற்றுங்கள். 'ஷார்ப்னஸ்' அளவைக் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யம் ஆக்காதீர்கள். சோனியில் 50தான் நடுநிலை, அதற்குக் கீழே போனால் படம் மழுங்கும்.

மாற்றியதும் வீட்டில் எல்லோரும் "மஞ்சளாக இருக்கிறது" என்பார்கள். அப்போது ஒரு காரியம் செய்யுங்கள். நம் வீடுகளில் மாட்டும் எல்இடி டியூப்லைட்டின் அட்டையைப் பாருங்கள். வெள்ளை எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதைக் குறிக்கும் நிற வெப்பம் பெரும்பாலும் 6500 கெல்வின் என்று இருக்கும். திரைப்படங்களை நிறந்திருத்துவோர் வெள்ளைக்கு அளவுகோலாகக் கொள்ளும் டி65 என்பதும் ஏறத்தாழ அதே 6500 கெல்வின்தான். அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையிலும் வெள்ளையைக் காட்டச் சொல்லுங்கள். தாளோடு ஒத்துப்போவது எது, நீலமாக விலகி நிற்பது எது என்று உங்கள் தந்தையாரே சொல்லிவிடுவார். உங்கள் பொய்க்கூரை விளக்குகள் ஏறத்தாழ 3000 கெல்வினாக இருக்கும். அந்த மஞ்சளுக்குப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளையே நீலமாகத்தான் தோன்றும். படம் பார்க்கும்போது அவற்றை அணைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி 6500 கெல்வின் பட்டை விளக்கு ஒன்றை மங்கலாக எரியவிடுங்கள்.

ஒளிமானி எழுதியது:

தாள் வைத்துப் பார்ப்பது நல்ல உத்தி. ஆனால் அதை அளவுதிருத்தம் என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன். மலிவான டியூப்லைட்டுகளில் பச்சைச் சாயல் சற்றுத் தூக்கலாக இருக்கும். தாள்களிலும் வெண்மை கூட்டும் சாயம் கலந்திருக்கும். திசை தெரியும், தொலைவு தெரியாது.

இணையத்தில் யாரோ ஒருவர் தம் தொலைக்காட்சிக்குக் கண்ட வெள்ளைச் சமநிலை எண்களை அப்படியே நகலெடுப்பதையும் தவிர்க்கச் சொல்வேன். ஒரே மாடலில் இரண்டு பேனல்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடி நமக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவுதான் அந்த எண்களும் பொருந்தும். படமுறை, நிற வெப்பம், காமா (இருட்டிலிருந்து வெளிச்சம் வரை சாயல்கள் ஏறும் விதம்) போன்ற பெரிய தேர்வுகளைப் பிறரிடம் கேட்டுக்கொள்ளலாம். இருட்டறை என்றால் காமா 2.4 அல்லது பிடி.1886 என்ற தரநிலை, வெளிச்சம் உள்ள கூடம் என்றால் 2.2. இதற்கு மேல் நுண்ணிய திருத்தம் வேண்டுமென்றால், திரையின் நிறத்தை அளக்கும் கருவியான அளவி வேண்டும்.

அளவியைச் சொந்தமாக வாங்க நினைத்தால், எச்சிஎஃப்ஆர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. திரையை அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகே அளக்க வேண்டும். அளவிக்கு, எதிரில் இருப்பது ஓலெட் திரை என்பதையும் சொல்ல வேண்டும். பின்விளக்கு உள்ள எல்சிடி திரைக்கான திருத்தக் கோப்பை வைத்து ஓலெட்டை அளந்தால், உழைத்து உழைத்துத் தவறான நிறத்துக்குப் போய்ச் சேருவோம். நிறப் பிழையைக் குறிக்கும் டெல்டா ஈ 3க்குக் கீழே வந்துவிட்டால் ஓடும் படத்தில் அதைக் கண்டுபிடிப்பது அரிது. அதற்குப் பிறகும் திருகிக்கொண்டிருப்பது கணக்கின் மீதுள்ள காதலே தவிரப் படத்துக்கான தேவை அன்று.

கேள்வி கேட்டவருக்கு என் கருத்து: சென்னையிலிருந்து ஆளை வரவழைக்கும் நேரம் இது அன்று. நாள்தோறும் பாதியில் அறுபடும் ஈடுசெய்தலும், வீச்சு பொருந்தாத பிளேயரும் இருக்கும் வரை எந்த அளவியும் உங்களுக்கு உதவாது.

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன், மூவருக்கும் நன்றி.

சுவர் சுவிட்சின் மீது ஒட்டுத்தாள் ஒட்டிவைத்தேன். இரண்டாம் நாள் இரவு அந்த 'டிக்' ஓசையை முதன்முறையாகக் கேட்டேன். நான்காம் நாளில் பட்டைகள் பாதியாகக் குறைந்தன. இப்போது 5 விழுக்காட்டுச் சோதனைப் படத்தில் வலப்புறம் ஒரே ஒரு பட்டை, அதுவும் தேடினால் மட்டும், தெரிகிறது; படங்களில் கண்ணில் படவில்லை. பிளேயர் 'முழு வீச்சு' அமைப்பில்தான் இருந்திருக்கிறது. மாற்றியதும் கறுப்புச் சட்டைக்குள் மடிப்புகள் வந்துவிட்டன.

தாள் சோதனையை அப்பாவை வைத்தே செய்தேன். 'விவிட்' முறையின் வெள்ளையைப் பார்த்து, "இது சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி" என்றார். ஆனாலும் பகல் செய்திக்கு அவருக்கு அதுவே வேண்டுமாம். காலை வெயிலில் 'சினிமா' முறை மங்கலாக இருக்கிறது என்பதும் உண்மைதான்.

நெல்லித்தோப்பு நேயர் எழுதியது:

பகலுக்கு என்று தனி முறை வையுங்கள். அதில் நிற வெப்பத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் கூட்டி, காமாவை 2.2 ஆக்குங்கள். கிழக்குச் சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நாள் முழுக்கச் செய்தி அலைவரிசை ஓடும் வீடு என்பதால் இன்னொன்று: திரையின் அடியில் அசையாமல் நிற்கும் அந்தச் சிவப்புப் பட்டையும் மூலையில் இருக்கும் சின்னமும்தான் ஓலெட்டில் தழும்பு விழக் காரணம். 'விவிட்' முறையின் முழு ஒளியில் அவை விரைவில் பதியும். சின்னத்தின் ஒளியைத் தானே குறைக்கும் அமைப்பு இருந்தால் அதை உயர்ந்த அளவில் வையுங்கள்.

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

அந்த அமைப்பு இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இப்போது போட்டுவிட்டேன். அப்பாவின் செய்திக்கு உள்ளறையில் இருக்கும் 32 அங்குல எல்இடி தொலைக்காட்சியைச் சாய்வு நாற்காலிக்கு எதிரே மாட்டித் தருவதாகவும் பேச்சு நடக்கிறது. இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.