டீச்சரத்தை பதினாறு: கார்டு மேட்டர்

சிவகாசி அத்தான்: பதினாறாம் நாள் கார்டு நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. மேட்டர் மேலே இருக்கிறது, எல்லோரும் பாருங்கள். வயதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

சென்னை அக்கா: 94

கோவில்பட்டி சித்தி: 95

பாளை சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். இதை நான் விளக்க வேண்டும். சர்டிபிகேட்டில் அக்கா பிறந்தது 1.6.1931. அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் தானாகப் போட்ட தேதி. அந்தக் காலத்தில் பாதி ஊர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கும். ஜாதகத்தில் சுக்கில வருஷம், மாசி. அதாவது 1930. ஆகவே 95 முடிந்து 96 நடக்கிறது. நடப்பு வயதைப் போடுவதுதான் முறை.

துபாய் தம்பி: இப்போது மூன்று வயது ஆகிவிட்டது 😀

சென்னை அக்கா: 1989-ல் ரிட்டயர் ஆனது சர்டிபிகேட்படிதானே? பென்ஷன் புக்கிலும் அதுதான் இருக்கும்.

கோவில்பட்டி சித்தி: பென்ஷன் புக் என்னிடம்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை.

சென்னை அக்கா: நான் புக்கைக் கேட்கவில்லை சித்தி

சென்னை அக்கா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

துபாய் தம்பி: படித்துவிட்டேன் அக்கா

நான்: அத்தான், "ஓய்வு பெற்ற ஆசிரியை" என்று மட்டும் இருக்கிறதே. ஸ்கூல் பேர்?

சிவகாசி அத்தான்: எதைப் போட? போர்டு ஸ்கூலா, யூனியன் ஸ்கூலா?

பாளை சித்தப்பா: இரண்டும் ஒன்றுதான். முதலில் போர்டு ஸ்கூல். பஞ்சாயத்து யூனியன்கள் வந்த பிறகு அதே ஓட்டுக் கட்டடம் யூனியன் ஸ்கூல் ஆனது. 1960-களில் அங்கே கேர் என்ற அமெரிக்க உதவி அமைப்பின் பால் பவுடர் வரும். அண்டா வெந்நீரில் அப்படியே கொட்டினால் கட்டி தட்டிவிடும். அக்கா முதலில் ஒரு சொம்பில் குழைத்து, அப்புறம் அண்டாவில் ஊற்றிக் கலக்குவாள். டம்ளர் கொண்டுவராத பையனுக்குத் தன் தூக்குச்சட்டி மூடியில் ஊற்றிக் கொடுப்பாள். அப்படிப் போன ஒரு மூடி திரும்பி வரவே இல்லை. சாகிற வரைக்கும் அந்தத் தூக்குச்சட்டிக்குக் கிண்ணம்தான் மூடி.

துபாய் தம்பி: மதுரை மாமா ஆன்லைனில் இருக்கிறாரா?

மதுரை மாமா: மூடியை நான் எடுக்கவில்லை. எத்தனை தடவை சொல்வது? சொந்தக்காரப் பையன் என்று எனக்கு எப்போதும் இரண்டு அடி கூட விழும், அதைப் பேசுங்கள்.

சென்னை அக்கா: ஏழெட்டு?

மதுரை மாமா: ஐம்பத்தாறு

மதுரை மாமா: வேன் எத்தனை மணிக்கு?

நான்: 📷 அத்தையின் பால் கணக்கு நோட்டு, அலமாரியில் கிடந்தது. போன மாதம் வரைக்கும் எழுதியிருக்கிறார். "விலை"யில் "லை" பாருங்கள், பழைய துதிக்கை லை!

பாளை சித்தப்பா: 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ணா, றா, னா, ணை, லை என்று 13 எழுத்துகள் மாறின. அக்கா கரும்பலகையில் புதிய எழுத்து, வீட்டில் பழைய எழுத்து. யாராவது பிள்ளை தாத்தாவைப் பார்த்துப் பழைய னை எழுதிவிட்டால் தப்பு போட மாட்டாள். பக்கத்தில் புதியதை எழுதிக் காட்டி, "ஆபீசுக்கு இது, தாத்தாவுக்கு அது" என்பாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அந்த ஆணை வந்த சமயத்தில்

பாளை சித்தப்பா: கை பட்டுப் போய்விட்டது. அப்புறம் எழுதுகிறேன்.

சென்னை அக்கா: கார்டில் பேரைப் பழைய எழுத்திலேயே போடலாமே அத்தான்

சிவகாசி அத்தான்: ஃபான்ட் தேட வேண்டும். ஆர்ட்டிஸ்ட் கையால் எழுதினால் தனி ரேட்.

துபாய் தம்பி: ரேட்டை நான் அனுப்புகிறேன்

கோவில்பட்டி சித்தி: பணம் அனுப்புகிறவர்கள் ஒரு எட்டு வந்து முகத்தைப் பார்த்திருக்கலாம்

துபாய் தம்பி: லீவு கிடைக்கவில்லை சித்தி

சிவகாசி அத்தான்: சரி, கார்டுக்கு வருவோம். கீழே "தங்கள் வருகையை விரும்பும்" என்ற இடத்தில் யார் பேர் முதலில்?

சிவகாசி அத்தான்: பதினாலு பேர் பார்த்துவிட்டீர்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே

மதுரை மாமா: பேரே வேண்டாம். "குடும்பத்தார்" என்று போடுங்கள்.

கோவில்பட்டி சித்தி: பன்னிரண்டு வருஷம் வெந்நீர் வைத்துக் கொடுத்தவளும் குடும்பத்தார், கார்டில் மட்டும் வருகிறவர்களும் குடும்பத்தார். நல்லது.

நான்: பழைய மாணவர்கள் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள் 📷

சென்னை அக்கா: ஐயோ, "கண்ணிர் அஞ்சலி"!

மதுரை மாமா: டீச்சர் வளர்த்த பிள்ளைகளா இது 🤦

சென்னை அக்கா: அத்தை இருந்திருந்தால் ஏணி போட்டு ஏறிச் சிவப்பு மையால் சுழித்திருப்பார்

பாளை சித்தப்பா: பிழை அவர்களுடையது இல்லை. கடைக்காரர் டைப் அடித்தது. நான் போய்ப் பேசுகிறேன்.

சிவகாசி அத்தான்: நீங்கள் வெயிலில் அலைய வேண்டாம் சித்தப்பா. வயதைச் சொல்லுங்கள், போதும். நான் 95 போடுகிறேன்.

பாளை சித்தப்பா: நடப்பு 96

சென்னை அக்கா: 👍

சிவகாசி அத்தான்: எதற்கு 👍?

கோவில்பட்டி சித்தி: சமையல்காரர் ஆள் கணக்குக் கேட்கிறார். 150 சொல்லிவிட்டேன். மாணவர்கள் எல்லோரும் வந்தால் பத்தாது.

மதுரை மாமா: 200 சொல்லுங்கள். வேன் ஆறு மணிக்கா, ஐந்தரைக்கா?

துபாய் தம்பி: சித்தி, அன்றைக்கு வீடியோ கால் போடுவீர்களா?

கோவில்பட்டி சித்தி: போனில் சார்ஜ் இருந்தால் பார்க்கலாம்