தீம் பார்க்: கேட் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் – உங்கள் அனுபவம்?

கொளத்தூரிலிருந்து

போன வருஷம் காணும் பொங்கலுக்கு சென்னை ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) இருக்கும் ஒரு பார்க்குக்குப் போனோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பையன்கள், மாமியார். சமைத்து, டப்பா கட்டி, எல்லாரையும் குளிக்க வைத்துக் கிளம்பவே பத்தரை ஆகிவிட்டது. உத்தண்டி டோல்கேட்டைத் தாண்டும்போது மணி பன்னிரண்டு. டிக்கெட் கவுன்டரில் முக்கால் மணி நேரம் நின்றோம். உள்ளே போய் மாலை வரைக்கும் மொத்தம் நாலே ரைடு. சின்னவன் ஆசைப்பட்ட ரோலர் கோஸ்டர் வரிசையில் நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே, "இன்னிக்கு இவ்ளோதான்" என்று சங்கிலியைப் போட்டுவிட்டார்கள். ஆறு மணி வரைக்கும் என்று டிக்கெட்டில் இருந்தது. அப்போது ஐந்தரைகூட ஆகவில்லை. வேனில் வீடு வந்து சேரும் வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் ஏப்ரலில் மறுபடியும் போனோம். இந்தத் தடவை நான் உட்கார்ந்து நேரம் போட்டேன். பெரியவனுக்கும் சின்னவனுக்கும் பரீட்சை முடிந்த மறுநாள், ஒரு புதன்கிழமை. நிறைய ஸ்கூலில் அப்போது பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கிளம்பினது ஏழே கால். வழியில் இட்லி. டிக்கெட்டை முந்தின நாள் ராத்திரியே போனில் எடுத்து வைத்திருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு கேட் வாசலில் எங்களோடு சேர்த்து ஆறேழு குடும்பம்தான்.

பத்து மணிக்குத் திறந்ததும் நுழைவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரைடுகளைக் கண்டுகொள்ளாமல் நேராகக் கடைசிக்கு நடந்தோம். உள்ளே வருகிற எல்லாரும் முதலில் கண்ணில் படுவதில்தான் ஏறுகிறார்கள். கோஸ்டரில் ஆளே இல்லை. பையன்கள் இறங்கி, சுற்றி ஓடி வந்து, மறுபடியும் ஏறினார்கள். அப்படி மூன்று தடவை.

பதினொன்றரைக்கு மேல் அதே வரிசை வளைந்து வளைந்து நிழல் கூரையைத் தாண்டி வெயிலுக்கு வந்துவிட்டது. ஒரு வண்டியில் இருபது பேர். ஏற்றி, பெல்ட் பார்த்து, சுற்றி, இறக்க ஐந்து நிமிஷம். நான் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு 240 பேர். முன்னால் 200 பேர் நின்றால் ஐம்பது நிமிஷம் போச்சு. காலையில் எங்களுக்கு மூன்று ரவுண்டும் சேர்த்தே இருபது நிமிஷம்தான் ஆனது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான்: டிக்கெட் காசு முழு நாளுக்கு என்றாலும், ரைடு ஏறுவதற்கு உருப்படியான நேரம் முதல் ஒரு மணி நேரமும் கடைசி ஒரு மணி நேரமும்தான். நடுவில் இருக்கிறது சாப்பாட்டுக்கும், தண்ணீருக்கும், பாட்டியோடு நிழலில் உட்காருவதற்கும்.

சாப்பாட்டைப் பதினொன்றே முக்காலுக்கே முடித்தோம். ஒரு மணிக்கு அங்கே உட்கார இடம் கிடைக்காது. அப்புறம் தண்ணீர்ப் பக்கம். பருத்தி உடையோடு விடமாட்டார்கள், நைலான் உடை வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள். இன்னொன்று, சறுக்குகளில் செருப்பு போடக்கூடாது. உச்சி வெயிலில் அந்த சிமென்ட் தரை தோசைக்கல் மாதிரி இருக்கும். சின்னவன் ஒரு குடை நிழலிலிருந்து அடுத்த குடை நிழலுக்கு, நொண்டி விளையாடுகிற மாதிரி குதித்துக் குதித்துப் போனான். பாதம் சிவந்துவிட்டது. படிக்கட்டு அடியில் ஒரு குழாய் இருந்தது, அதில் காலை நனைத்து நனைத்து அனுப்பினேன். பெரிய சறுக்குகளுக்கு மூன்றரைக்கு மேல் போவதே நல்லது. தரையும் ஆறியிருக்கும், கடல் காற்றும் வந்துவிடும்.

தண்ணீர்ப் பக்கத்தை ஐந்து மணிக்கு மூடுவார்கள் என்று விசாரித்து வைத்திருந்ததால் நாலே காலுக்கே குளத்தைவிட்டு ஏறிவிட்டோம். உடை மாற்றும் அறை காலியாக இருந்தது. நாலே முக்காலுக்கு வந்தவர்கள் குழந்தைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். காய்ந்த உடையோடு மறுபடியும் கோஸ்டர். அதற்குள் டூர் வந்த பஸ்கள் எல்லாம் கிளம்பியிருந்தன. அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் ஐந்து ரைடு. மாமியாருக்கு முட்டி வலி, எதிலும் ஏறமாட்டார். காலையில் ஒரு மர நிழலில் பெஞ்ச் பிடித்துக் கொடுத்திருந்தோம். சாயங்காலம் அவராகவே எழுந்து, "அந்தக் குதிரை ராட்டினத்துல என்னை ஏத்தி விடுறியா?" என்றார். வரிசை இல்லாததால்தான் அது நடந்தது.

நீங்கள் எப்படித் திட்டம் போடுகிறீர்கள்? எழுதுங்கள்.

---

பெரம்பூரிலிருந்து

எங்கள் சின்ன வயதில் அதே ஈ.சி.ஆரில் இருக்கும் வி.ஜி.பி. பார்க்குக்குப் போனால் அப்பா மத்தியானம் மூன்று மணிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார். அங்கே கடற்கரை உண்டு. அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க நாங்கள் படாத பாடு இல்லை. கத்திரி வெயிலில், மே மாதம் 4-ஆம் தேதிக்கு மேல் குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இன்னும் அந்த மூன்று மணிக் கணக்குதான் சரி என்று நினைக்கிறேன். காலையிலேயே போனால் வெயிலில் ஐந்து மணி நேரம் வதங்க வேண்டும்.

---

கொளத்தூரிலிருந்து

கைக்குழந்தை இருந்தால் நீங்கள் சொல்வது சரி அக்கா. ஆனால் பெரிய ரைடுக்காகவே வருகிற பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் காலை நேரத்தை விட்டுவிடக்கூடாது என்பேன்.

---

மேற்கு மாம்பலத்திலிருந்து

அம்மா, நீங்கள் கண்டுபிடித்ததை அமெரிக்காவில் ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் நானும் என் மனைவியும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பேத்தியோடு ஃபுளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போனோம். 1971-இல் திறந்த இடம். இப்போது நாலு பெரிய பார்க்.

அவர்களுடைய ஓட்டல்களில் தங்குகிறவர்களைப் பொதுமக்களுக்கு அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுகிறார்கள். தினமும், நாலு பார்க்கிலும். முன்பெல்லாம் ஒவ்வொரு நாளைக்கு ஒரு பார்க்கில் ஒரு மணி நேரம் முன்னதாக விடுவார்களாம். 2020-இல் அது நின்று, 2021 அக்டோபரிலிருந்து இந்த அரை மணி முறை வந்தது. விலை கூடிய ஓட்டல்களில் தங்குகிறவர்களுக்குச் சில இரவுகளில் பார்க் மூடிய பிறகும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உண்டு. எங்கள் ஓட்டல் அந்த வகை இல்லை. காலை அரை மணி நேரம்தான் கிடைத்தது, அதுவே போதுமானதாக இருந்தது. அந்த நாலில் ஒன்றான மேஜிக் கிங்டமில் பகலெல்லாம் கூட்டம் மொய்க்கும் ஏழு குள்ளர்கள் சுரங்க ரயிலில் ஏறி இறங்கிவிட்டோம். ஆனால் அந்த நேரத்தில் எல்லா ரைடும் ஓடாது. எது ஓடும் என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பிப்ரவரியில் அந்த ஊர் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். போன புதிதில் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், நம் உடம்புக்கு அது மத்தியானம் ஒன்றரை. அங்கே மாலை ஆறு மணி ஆனால் இங்கே அதிகாலை நாலரை, கண்ணைச் செருகும். அதனால் காலையில் சீக்கிரம் போகும் நாட்களை முதல் மூன்று நாளில் வையுங்கள். இரவு வாணவேடிக்கையை ஐந்தாறு நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டாம் நாளே வாணவேடிக்கைக்கு நின்றோம். என் மனைவி என் தோளில் சாய்ந்து, நின்றபடியே தூங்கிவிட்டாள். நாலாம் நாள் அவளுக்காக மறுபடியும் போனோம். வேடிக்கை நடக்கும்போது எல்லாரும் அந்த பார்க்கில் இருக்கும் கோட்டை முன்னால் நிற்பதால் ரைடுகளில் வரிசை குறையும், பேத்தியும் மகனும் அப்போது போய் வந்தார்கள். மூடும் நேரத்துக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துவிட்டவர்களை அங்கே ஏற்றிவிட்டுத்தான் மூடுகிறார்கள். உங்கள் பையனுக்கு நடந்ததைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது.

---

கேளம்பாக்கத்திலிருந்து

நான் ஆறு வருஷம் ரைடு ஆபரேட்டராக இருந்தேன். எந்த பார்க் என்று வேண்டாம். வேலை செய்கிற பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

நீங்க பத்து மணிக்கு வர்றீங்க. நாங்க ஏழரைக்கே வந்துடுவோம். தண்டவாளத்தை நடந்து பார்க்கணும், நட்டு போல்ட்டு, லாக், பெல்ட்டு, பிரேக் பார்க்கணும். அப்புறம் ஆள் இல்லாம வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்போம். புக்கில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் ஏத்துவோம். அதில் ஏதாவது ஒரு சத்தம் சரியில்லைன்னா அந்த ரைடு பதினொண்ணு ஆனாலும் திறக்காது. "பத்து மணின்னு போட்டிருக்கீங்களே"ன்னு கோபப்படாதீங்க. லேட்டா திறக்கிற ரைடு ஒழுங்கா செக் பண்ணின ரைடுன்னு நினைச்சுக்கோங்க. மழையோ பலத்த காத்தோ இடியோ வந்தா நிறுத்தித்தான் ஆகணும். அக்டோபர், நவம்பர்ல வர்றவங்க பெரிய ரைடை மத்தியானத்துக்குத் தள்ளாதீங்க.

சாயங்காலம் சங்கிலி போடுறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. வரிசையில் இருக்கிற ஆளை ஏத்தி முடிக்க எத்தனை நிமிஷம்னு பார்த்து, மூடுற நேரத்துக்குள்ள முடியற மாதிரி முன்னாடியே வரிசையை நிறுத்துவாங்க. ஆனா உள்ளே நின்ன பையனை வெளியே அனுப்பினது தப்பு. கடைசி ஆளுக்குப் பின்னாலதான் சங்கிலி போடணும். நான் அப்படித்தான் போடுவேன். மத்தியானமே ஆபரேட்டர்கிட்ட "கடைசி ரவுண்டு எத்தனை மணிக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கோங்க, சொல்லிடுவோம்.

இன்னொரு விஷயம், நிறைய பேருக்குத் தெரியாது. கோஸ்டர் காலையில் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். சக்கரமும் பேரிங் கிரீஸும் குளிர்ந்து இருக்கும். ஓட ஓட சூடாகி, சாயங்காலம் வேகம் கூடும். அந்தக் கடைசி ரவுண்டு காலை ரவுண்டு மாதிரி இருக்காது. பின் சீட்டுல உட்காரச் சொல்லுங்க, இறக்கத்துல தூக்கிப் போடும்.

---

கொளத்தூரிலிருந்து

அண்ணா, உங்கள் பதிவை அப்படியே பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். சின்னவன் எழுந்து நின்று கேட்டான். "அதான்மா! சாயந்தரம் வயிறு ரொம்ப கூசுச்சு, நான் அப்பவே சொன்னேன்ல" என்றான். அன்றைக்கு அவன் சொன்னதை நான்தான் கவனிக்கவில்லை.

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்த வொண்டர்லாவுக்கு அடுத்து போகலாம் என்றிருக்கிறோம். அங்கே தஞ்சோரா என்று கால் தொங்கவிட்டுப் போகிற கோஸ்டர் இருக்கிறது. பரீட்சை முடியட்டும். திறக்கும்போது ஒரு தடவை, மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஏறி, எது வேகம் என்று சின்னவன் வந்து இங்கே சொல்வதாக இருக்கிறான்.