பழைய டி4 கேம்பர்: துளை போடாமல் மட்பிளாப் மாட்ட முடியுமா?

லெஸ்டர்வாசி:
எங்களிடம் இருப்பது 1998 போக்ஸ்வாகன் டி4 கேம்பர் (படுக்கை வசதியுள்ள வேன்), 2.5 டிடிஐ டீசல். இடப்பக்க முன் மட்பிளாப், அதாவது டயருக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் தடுக்கிற மடல், கிழிந்து தொங்குகிறது. கழற்றலாம் என்று கீழே படுத்துப் பார்த்தால் ஸ்குரூ ஒன்றுக்கும் தலை மிச்சமில்லை. பக்கத்துத் தகட்டை நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் கொப்புளம் உடைந்து துருப்பொடி கொட்டுகிறது. முன்பு வைத்திருந்தவர்கள் நேராகத் தகட்டிலேயே துளை போட்டு முடுக்கியிருக்கிறார்கள். இங்கே இங்கிலாந்தில் குளிர் வந்தால் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்புப் போட ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த வண்டியில்தான் வளர்ந்தார்கள், இதை விற்கிற எண்ணமே இல்லை. புதுத் துளை போடாமல் மாட்ட வழி உண்டா? ரப்பர் நல்லதா, பிளாஸ்டிக்கா? தார் அடித்து மூடிவிடு என்கிறார் நண்பர் ஒருவர், அது சரியா?

பழையவேன்:
தம்பி, பிளாப் இருக்கட்டும், முதலில் அந்தத் துளைகளைக் கவனியுங்கள். துளை போட்ட இடத்தில் பெயிண்ட் போய்விடும். பிளாப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்து காயாமலே கிடக்கும். துரு அங்கேதான் பிடிக்கிறது.

ஸ்குரூவை கிரைண்டரில் வெட்டி எடுத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தகடு பளபளக்கும்வரை தேயுங்கள். ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெல்டிங்தான், வேறு வழியில்லை. கெட்டியாக இருந்தால் ரஸ்ட் கன்வர்ட்டர் (மிச்சத் துருவை மேலே பரவாத பூச்சாக மாற்றும் திரவம்) தடவுங்கள். அது கறுத்துக் காய்ந்த பிறகு பிரைமர், அதன் மேல் பெயிண்ட். அவசரப்படாதீர்கள், ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய வேண்டும்.

மாட்டுவதற்குக் கிளாம்ப் போதும். சக்கர வளைவின் விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கும், அதைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி. கிளாம்பின் பல் பெயிண்டைக் கீறாமல் இருக்க நடுவில் மெல்லிய ரப்பர் பட்டை வையுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாதது) போட்டால் அடுத்த தடவை கையோடு கழற்றிவிடலாம்.

இடப்பக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். முன் டயர் வாரியடிக்கிற சேறு ‘சில்’ (கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகடு) மூட்டிலும் ஸ்லைடிங் கதவின் கீழ்த் தண்டவாளத்திலும் போய் உட்காரும். மட்பிளாப் இல்லை என்பதற்காக எம்ஓடியில் (வருடாந்திர வண்டிப் பரிசோதனை) தோற்க மாட்டீர்கள். ஆனால் சஸ்பென்ஷனோ சீட் பெல்ட்டோ பிடித்திருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு அரித்திருந்தால் தோற்பீர்கள்.

கடலோரம்:
நான் ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கம். இங்கே குளிரில் பிவிசி பிளாஸ்டிக் பிளாப் விறைத்துப்போய் போல்ட் துளையிலேயே வெடித்துவிடுகிறது, அதனால் ரப்பர்தான் என் சாய்ஸ். அதற்காக லாரிக்குப் போடுகிற தடிமனில் வேண்டாம் அண்ணா, அந்தக் கனத்துக்கு விளிம்புத் தகடே வளைந்துவிடும்.

மாட்டும்போது முழுதாக முடுக்குவதற்கு முன் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, டயர் உரசுகிறதா என்று பாருங்கள். உயரத்தையும் காலி வண்டியில் அளக்காதீர்கள். தண்ணீர் டேங்க், கேஸ் சிலிண்டர், படுக்கை எல்லாம் ஏறினால் பின்பக்கம் நன்றாகவே இறங்கும். முன் பிளாப் பெரும்பாலும் கிழிவது ரிவர்ஸ் எடுக்கும்போதுதான். நடைபாதைக் கல்லுக்கும் டயருக்கும் நடுவில் மாட்டி, சக்கரம் அதை அப்படியே இழுத்துவிடும்.

பழையவேன்:
இதைச் சொல்ல விட்டுவிட்டேன்: தார் மட்டும் வேண்டவே வேண்டாம். நாளானால் விரிசல் விடும். தண்ணீர் உள்ளே போய்விடும், வெளியே வராது. மேலே பார்த்தால் கறுப்பாக அழகாக இருக்கும், அடியில் தகடு கரைந்துகொண்டிருக்கும். டினிட்ரால், வாக்ஸாயில் மாதிரி துருத் தடுப்பு மெழுகு அடியுங்கள். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, வண்டியை நன்றாக உலரவிட்டு அடிக்க வேண்டும். சில்லின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும், மெழுகு அவற்றை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லெஸ்டர்வாசி:
குத்திப் பார்த்துவிட்டேன் அண்ணா. இரண்டு துளை கெட்டியாக இருக்கிறது. பின்னால் இருக்கிற ஒன்றில் முனை இறங்கிவிட்டது. சனிக்கிழமை வெல்டிங்குக்கு விடுகிறேன். வலப்பக்க பிளாப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் கழற்றிப் பார்க்கட்டுமா?

கடலோரம்:
கட்டாயம் கழற்றிப் பாருங்கள். அதையும் அதே ஆள்தானே முடுக்கியிருப்பார்.