ஃபோர் வீல் பிக்கப்பில் ஆயில் சேம்பர் விரிசல்: மன்னவனூரில் நிற்கிறது, எம்-சீல் போதுமா?

பூண்டுக்காட்டான், மன்னவனூர்:
வணக்கம். நேற்று சாயங்காலம் காட்டிலிருந்து கேரட் மூட்டையோடு மேலே ஏறும்போது, மழை அறுத்துப்போட்ட தடத்தில் சக்கரம் இறங்கி, நடுவில் இருந்த கல் வண்டியின் அடியில் இடித்தது. டங்கென்று ஒரே சத்தம். கொஞ்ச தூரத்தில் ஆயில் லைட் மினுக்கியது, உடனே அணைத்துவிட்டேன்.

படுத்துப் பார்த்தால் சேம்பரில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி), ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டுக்கு முன்னால், விரல் நீளத்துக்கு விரிசல். ஆயில் நூல் பிடித்தாற்போல ஒழுகுகிறது. பக்கத்திலேயே ஓடை, ஊர் குடிக்கிற தண்ணீர். அதனால் அடியில் பேசின் வைத்திருக்கிறேன். மூட்டைகள் வேறு ஜீப்பில் போய்விட்டன.

எம்-சீல் அப்பி, ஆயில் ஊற்றி, கொடைக்கானல் வரை சுமார் 35 கிலோமீட்டர் ஓட்டிவிடலாமா? இல்லை, இருக்கிற இடத்திலேயே வெல்டிங் வைக்க முடியுமா?

மலை டிரைவர்:
தம்பி, அந்தக் காலத்தில் கட்டி சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டே பண்ணைக்காடு வரை போயிருக்கிறோம். சோப்பை வை, மேலே எம்-சீல் போடு. இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டிவிட்டால் ஆயிலும் மிச்சம்.

வத்தலக்குண்டு பட்டறை:
அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். சோப்பு டீசல் டேங்குக்குச் சரி, அது சூடாகாது. சேம்பரில் ஆயில் கொதிக்கக் கொதிக்க ஓடும், சோப்பு இளகி வந்துவிடும். எஞ்சினை அணைத்து உருட்டுவது அதைவிட மோசம். எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குத் துணை கொடுக்கிற வாக்குவம் பம்ப் ஓடும், அது நின்றால் இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும். அதோடு, மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் இறக்கமா என்ன? பெரும்பாலும் ஏற்றம்தானே!

தம்பி, விரிசலைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. கல் இடித்த இடம் உள்ளே அமுங்கியிருக்கிறதா, அதை முதலில் பாருங்கள். ஆயில் பம்பின் சல்லடை சேம்பரின் அடியை ஒட்டித்தான் தொங்கும், இடைவெளி ரொம்பக் கொஞ்சம். தகரம் உள்ளே போய் அந்த வாயை அடைத்தால், அளவு பார்க்கிற கேஜ் கம்பியில் ஆயில் முழுசாகக் காட்டும், பம்புக்கு மட்டும் வராது. டாஷ்போர்டில் இருக்கிற அந்தச் சிவப்பு லைட் பிரஷருக்கானது, அளவுக்கானது இல்லை. அது எரிய எரிய ஓட்டினால் பேரிங், கிராங்க் எல்லாம் போகும். சேம்பர் செலவு அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

ஒரு காந்தம் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு, கேஸ் வெல்டிங்கில் பித்தளையை உருக்கி ஓட்டலாம். ஒட்டாவிட்டால் அலுமினியம், ஆர்கான் வெல்டிங் வேண்டும். அலுமினியம் அமுங்காது, உடையும். தகடு அமுங்கித்தான் கிழியும்.

பூண்டுக்காட்டான்:
அண்ணே, ஸ்பீக்கர் காந்தம் ஒட்டிக்கொண்டது. கை வைத்துத் தடவினால் சாஸர் அளவுக்குக் குழி இருக்கிறது. அப்படியென்றால் கழற்றியே ஆக வேண்டுமா? முன் ஆக்சில் குறுக்கே நிற்கிறதே.

வத்தலக்குண்டு பட்டறை:
குழி இருந்தால் ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள். வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் வைக்கிற யோசனையும் வேண்டாம். உள்ளே ஆயில் புகை நிற்கும், விரிசலில் ஊறின எண்ணெய் பற்றவைப்பைப் பிடிக்கவும் விடாது.

கழற்றுவது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். சமதளத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை ஆக்சிலுக்குக் கொடுக்காமல் சேஸிஸுக்குக் கொடுத்து, சேஸிஸ் அடியில் கனமான கட்டைகளை அடுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலையை விடாதீர்கள். முன் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை எடுத்தால் ஆக்சில் தொங்கி இறங்கும், சேம்பரை முன்னால் சாய்த்து உருவ இடம் கிடைக்கும். அப்போதும் சல்லடையில் மாட்டினால் எஞ்சின் மவுண்டிங்கைத் தளர்த்தி ஓரங்குலம் தூக்குங்கள். இடையில் இருக்கிற பேக்கிங் (ஆயில் கசியாமல் அடைக்கிற தாள்) ஒட்டியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல், மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள்.

கோத்தகிரி ஜீப்:
வெல்டிங் வைக்கிறவரிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். குழியை முதலில் தட்டி நிமிர்த்த வேண்டும். விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டுவிட்டுத்தான் பித்தளை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் விரிசல் ஓடிக்கொண்டே போகும். அப்புறம் போல்ட் உட்காரும் விளிம்பு கோணக் கூடாது. ஒரு கண்ணாடி மேல் கவிழ்த்துப் பாருங்கள், ஆடினால் கோணல்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. வெளியே வெல்டிங் மேல் சாக்பீஸைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். ஊசித்துளை இருந்தாலும் வெள்ளையில் ஈரம் தெரிந்துவிடும். எங்கள் தேயிலைத் தோட்டத்து வண்டிக்கு இப்படிப் பார்த்துதான் இரண்டாவது தடவை திருப்பிக் கொடுத்தேன்.

மலை டிரைவர்:
சரி, சோப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மாட்டும்போது விளிம்பில் தடவுகிற சிலிக்கான் பசையை மட்டும் கேக்குக்கு கிரீம் வைக்கிற மாதிரி அப்பாதே தம்பி. உள்ளே பிதுங்கினது பிய்ந்து விழுந்து சல்லடையை அடைத்து, என் பழைய வண்டி ஒன்று செத்தது.

பூண்டுக்காட்டான் (ஆறு நாள் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. கழற்ற ஒரு பகல் முழுக்கப் போயிற்று. பட்டறை அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது: சல்லடையின் ஒரு ஓரம் நசுங்கி, குழியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எம்-சீல் வைத்து ஓட்டியிருந்தால் பூம்பாறை தாண்டியிருக்க மாட்டேன். சல்லடை புதிது வாங்கிப் போட்டேன்.

சேம்பரைப் பூண்டு மூட்டைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொடைக்கானல் கொண்டுபோனேன், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். பித்தளை ஓட்டினார்கள். சாக்பீஸ் சோதனையில் ஒரு மூலையில் புள்ளி ஈரம், அங்கேயே மறுபடி ஓட்டி வாங்கினேன். கண்ணாடியில் பின்மூலை கொஞ்சம் ஆடியது, தட்டிச் சரிபண்ணினோம்.

பேக்கிங்கோடு மெல்லிசாக சிலிக்கான். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றில் முறுக்கினேன். இங்கே ராத்திரிக் குளிரில் சிலிக்கான் சீக்கிரம் இறுகாது என்று ஒரு நாள் முழுக்க ஆயில் ஊற்றாமல் விட்டுவைத்தேன். ஸ்டார்ட் பண்ணியதும் இரண்டு மூன்று நொடியில் லைட் அணைந்தது.

அடியில் ஒரு தகடு மாட்டலாம் என்று இருக்கிறேன். எத்தனை கனம்?

வத்தலக்குண்டு பட்டறை:
4 மில்லிமீட்டர் போதும். சேம்பரைத் தொடாமல் இடைவெளி விட்டு, சேஸிஸில் போல்ட் போட்டு மாட்டுங்கள், வெல்டிங் வேண்டாம். டிரெயின் போல்ட்டுக்கு நேராக ஓட்டை விட மறக்காதீர்கள். ஒழுகல் எப்படி?

பூண்டுக்காட்டான்:
மூன்று ராத்திரியாக அடியில் அட்டை போட்டு நிறுத்துகிறேன். அட்டையில் பனி ஈரம் மட்டும்தான்.