வால்பாறை மலையேற்றத்துக்கு எர்டிகாவின் சஸ்பென்ஷனில் எதை மாற்றலாம்?

கேள்வி (பதிவர்: கோவைவாசி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2017ஆம் ஆண்டு வாங்கிய டீசல் எர்டிகா இருக்கிறது. இதுவரை 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெற்றோர், மனைவி, இரண்டு குழந்தைகள் என ஆறு பேராக மாதம் ஒருமுறையாவது வெளியூர் போய் வருகிறோம். சமவெளியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சென்ற மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறியபோது, அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்ததில் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்து, பாதி வழியில் அரை மணி நேரம் ஓரங்கட்டி நிற்க வேண்டியதாயிற்று. இறங்கும்போது, ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் இரண்டு மூன்று முறை ஆடிய பிறகே வண்டி அடங்கியது. வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங் போடச் சொல்கிறது ஒரு பட்டறை. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகினால் போதும் என்கிறது இன்னொரு கடை. கையில் 40,000 ரூபாய் வரை இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

மறுமொழி (பதிவர்: பழைய பட்டறை)

வண்டி ஆடி அடங்க நேரம் எடுப்பதும், வளைவில் சாய்வதும் இருவேறு குறைகள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்கி எழும் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். இரண்டு மூன்று முறை ஆடுகிறது என்றாலே ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது என்று பொருள். வண்டியைக் கழுவுவதற்கு முன் குனிந்து பாருங்கள்: எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி கருப்பாக அப்பியிருக்கும். கூடவே லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் மூட்டில் உள்ள ரப்பர்), லிங்க் ராடு (சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் சிறு கம்பி), ஸ்டிரட் மவுண்ட் (முன்பக்க ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்டிரட்டை மேலே பிடித்திருக்கும் ரப்பர் தாங்கி) ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

குட்டை ஸ்பிரிங் வேண்டாம். வண்டி தாழ்ந்தால் சாய்வு குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஆறு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய பிறகு ஸ்பிரிங் அமுங்குவதற்கு மிஞ்சும் இடம் மிகக் குறைவு என்பதால், வேகத்தடைதோறும் பம்ப் ஸ்டாப்பரில், அதாவது ஸ்பிரிங் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையில், போய் இடிக்கும். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று குறைந்துவிடும்; மலைப்பாதையில் அது ஆபத்து. நிறுவன ஸ்பிரிங்குகளை அப்படியே வைத்துக்கொண்டு, வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர்களை நான்கு சக்கரங்களுக்கும் போடுவதே என் பரிந்துரை. பணம் இடிக்குமானால் முன் இரண்டு அல்லது பின் இரண்டு என்று சோடியாக மாற்றலாமே தவிர, ஒற்றையாக மாற்றக் கூடாது.

மறுமொழி (பதிவர்: நெடுவழி)

ரப்பர் பஃபரை நான் பின்பக்க ஸ்பிரிங்குகளில் போட்டுப் பார்த்தவன். முதல் வாரம் வண்டி இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றியது. ஆனால் பஃபர் பிடித்துக்கொண்ட சுற்று அசையாமல் நிற்க, மற்றச் சுற்றுகளே முழுப் பளுவையும் வாங்கின; தனியாகப் போகும்போது முதுகு வலித்தது. ஓராண்டுக்குப் பிறகு கழற்றியபோது, ரப்பர் உரசிய இடத்தில் பெயின்ட் உரிந்து துரு ஏறியிருந்தது.

டயரையும் மறக்காதீர்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் (தரையில் படும் ரப்பர் புடைப்புகள்) தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் கெட்டிப்பட்டுப் பிடியை இழக்கிறது. கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழுப் பளுவுக்கான காற்றழுத்தம் குறிக்கப்பட்டிருந்தால், அந்த அளவை டயர் சூடேறும் முன் பிடியுங்கள். மேலே கேரியரில் பெட்டிகள் ஏற்றும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். கூரையில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் சாய்வைக் கூட்டும்.

கோவைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டிலும் எண்ணெய்க் கசிவு. இடது லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் கிழிந்து உள்ளே இரும்புக் குழல் தெரிகிறது. டயரில் 3017 என்றிருக்கிறது. மேலே கேரியரில் எப்போதும் இரண்டு பெட்டிகள் ஏற்றுவோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியைத் தடித்ததாகப் போட்டால் சாய்வு குறையும் என்கிறார்களே, அதையும் சேர்த்துச் செய்துவிடலாமா?

பழைய பட்டறை

குறையும், ஆனால் இப்போது வேண்டாம். அந்தக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியாக ஏறுகிறது; 24 மில்லிமீட்டர் கம்பியை 26 ஆக்கினாலே சுமார் 38 சதவீதம் கூடிவிடும். அதற்கு ஈடாக, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மறுசக்கரமும் இழுபடும். உங்களுடையது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. முன்னால் மட்டும் விறைப்பைக் கூட்டினால், கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு வெளிப்பக்கமே ஓடப் பார்க்கும். ஷாக் அப்சார்பர், புஷ், டயர் மூன்றையும் மாற்றி, பெட்டிகளைக் கீழே இறக்கி, அதே ஆறு பேருடன் ஒருமுறை ஏறிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பொருத்தும்போது ஒன்றை மட்டும் அருகில் நின்று கவனியுங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று, புதிய புஷ்ஷும் சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரங்களில் அமர்ந்த பிறகே கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். ஸ்டிரட்டைக் கழற்றி மாட்டியிருப்பதால் வீல் அலைன்மென்ட் அதற்குப் பிறகு.