உப்புச் சுவத்துல சிமெண்ட் பூசுறது சரியா? (கீழக்கரை பழைய வீடு)

கொத்தனார் மகன்: நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தார். கீழக்கரையில பழைய வீடு வாங்கி, சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசி, பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சாராம். நல்ல லாபத்துக்கு வித்துடுவாராம், எல்லாரும் இப்படியே செய்யணுமாம். படிச்சதுல இருந்து மனசு ஆறல. அது பவளப்பாறைக் கல்லு வச்சுக் கட்டுன சுவரு. கல்லுக்குள்ளயே கடல் உப்பு இருக்கு. தரை ஈரம் ஏறும்போது அதையும் தூக்கிட்டு வரும். காரை ஈரத்தை வெளிய விட்டுரும். சிமெண்ட் விடாது. உள்ள தங்குற உப்பு பூச்சையே பொரிச்சுத் தள்ளிரும். அதை வாங்குற குடும்பம் என்ன பாவம் பண்ணுச்சு?

வளைகுடா வாசி: அந்த ஒருத்தர் நான்தான். நேரா என்கிட்டயே கேக்கலாமே. 17 வருசம் வெயில்ல நின்னு சேத்த காசு, யாரையும் ஏமாத்த நான் வரல. வாட்டர் ப்ரூஃப் கலந்து மாசியில பூசுனது. இன்னைக்கு வரை ஒரு பொட்டு உப்பு கிடையாது.

கொத்தனார் மகன்: மாசியில பூசுனா எப்படித் தெரியும் காக்கா (அண்ணே)? நம்மூருக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையிலதான். ஒரு ரூவாக் காசால சுவத்தடியில தட்டிப் பாருங்க. டொப்புனு கேட்டா பூச்சு கல்லை விட்டுருச்சுன்னு அர்த்தம்.

மண்டபம் இன்ஜினியர்: சுவரை விடுங்க. மேல கான்கிரீட் கூரைத் தளம் போட்டிருந்தா, அது எந்தத் தண்ணியில? கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்குற தண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு (உப்புல இருக்குற சத்து) கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 சொல்லுது. உப்பு ஏறுன போர்வெல் தண்ணின்னா கம்பி துருப்பிடிச்சுத் தலையில விழும்.

கொத்தனார் மகன்: நான் தளத்தைக் கேக்கல சார். சுவத்துல சிமெண்ட் பூசுனது சரியா, தப்பா? அதுக்குப் பதில் சொல்லுங்க.

தொண்டிக்காரன்: காரைக்கு ஆள் எங்க இருக்கு? கடுக்காயை ஊறப்போட்டு, கருப்பட்டி கரைச்சு, சுண்ணாம்பைப் புளிக்க வச்சு... அதுவரைக்கும் வட்டி யார் கட்டுறது? 2019ல என் மாடிப்படியைப் பாதியில போட்டுட்டுப் போனது உங்க அப்பாதானே.

கொத்தனார் மகன்: எங்க அப்பா போனது நீங்க 40,000 பாக்கி வச்சதால. சாயல்குடி கருப்பட்டி கலந்து அவரு பூசுன காரை இன்னைக்கும் ஆணி இறங்காது. தனுஷ்கோடி மாதா கோயிலைப் போய்ப் பாருங்க. 1964 புயலையும் தாங்கி அந்தப் பவளக்கல்லுச் சுவரு நிக்குது. சிமெண்டா பூசியிருக்கு?

வளைகுடா வாசி: சுவரு நிக்குது, கூரை எங்க? காரை எங்க? எல்லாம் அரிச்சுப் போச்சு. அதைக் காட்டியா எனக்குப் பாடம் எடுக்குறீங்க?

கொத்தனார் மகன்: 60 வருசமா ஆள் இல்லாம, கூரை இல்லாம, அலைக்காத்துல நிக்குது! உங்க வீட்டுல அந்தக் கல்லு ஒண்ணு உளுத்தாக்கூட மாத்த வழி இல்ல. பவளம் 2001ல இருந்து பாதுகாக்கப்பட்ட இனம், எடுத்தா கேஸ். இருக்குற கல்லைக் காப்பாத்துறதுதான் ரிப்பேரு. கீழ 3 அடியாவது சிமெண்டைக் கொத்திட்டு காரை பூசுங்க.

வளைகுடா வாசி: என் வீடு, என் காசு. கொத்த மாட்டேன்.

கொத்தனார் மகன்: ஐப்பசி மழை நின்ன மறுநாள் சுவத்தைத் தட்டிப் பாக்க அந்த ஒரு ரூவாக் காசோட உங்க வாசல்ல நிப்பேன் காக்கா.

தொண்டிக்காரன்: வர்ற வழியில என் படிக்கட்டையும் பாத்துட்டுப் போங்க. 5 படி இன்னும் அப்படியே கிடக்கு.