க்ளோனாசெபாம் குறைப்பு: கடைசிப் படியில் உதவி தேவை

வணக்கம். நாள்பட்ட தூக்கமின்மைக்கான க்ளோனாசெபாம், மருத்துவர் சொன்னபடி படிப்படியாக 0.5 மி.கி.யிலிருந்து 0.25-க்கு வந்தாயிற்று. இதற்குக் கீழேதான் சிக்கல். வாயில் கரையும் மாத்திரையைப் பாதியாக்கினால் பொடிந்துவிடுகிறது; அளவு நாளுக்கு நாள் மாறுகிறது. சாதாரண மாத்திரையை வெட்டிச் சமாளித்தவர்கள் உண்டா?

கூடவே, தூக்கம் சீராகப் படுக்கையில் இருக்கும் நேரத்தையே சுருக்கும் முறையும் நடக்கிறது: படுக்கை நேரம் இரவு 12 முதல் 5.30 வரை மட்டுமே. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கினால் அடுத்த வாரம் 15 நிமிடம் கூட்டுவதாகக் கணக்கு. ஆனால் மருந்தைக் குறைத்த வாரத்தில் தூக்கம் கெடுவது மருந்து விலகுவதாலும் இருக்கலாமே? அந்த வாரம் படுக்கை நேரத்தைக் குறைப்பீர்களா, அப்படியே விடுவீர்களா? பதில்களை மருத்துவரிடம் காட்டிய பிறகே எதையும் மாற்றுவோம்.

"சட்டென நிறுத்துங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், வலிப்பே வரலாம். கசகசாப் பாலும் பார்த்தாயிற்று.